ஏலக்காய் ஸ்டோரில் ஒரு விண்வெளி வீடு

நான் என்ன வேலை பார்த்தேன் என்பதைப் போடியில் ஒருவருக்கும் இதுவரை ஒழுங்காகப் புரியவைக்க முடியவில்லை. முயற்சி செய்யாமலில்லை. கல்யாணப் பந்தியில் விளக்கியிருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் விளக்கியிருக்கிறேன், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தபோதுகூட விளக்கியிருக்கிறேன். சுற்றுச்சூழல் உளவியல் என்றால், "மரம் நடுறதா?" என்பார்கள். இல்லை, ஓர் அறையும் வராந்தாவும் ஜன்னலும் அதில் இருக்கிற மனிதரின் மனதை என்ன செய்கிறது என்று பார்க்கிற படிப்பு என்பேன். "அட, வாஸ்துவா!" என்று முகம் மலர்ந்துவிடும். அதோடு நான் தொலைந்தேன். அவர்கள் வீட்டுச் சமையலறை எந்த மூலையில் இருக்கிறது என்பதில் தொடங்கி, மகனுக்கு ஏன் இன்னும் பெண் அமையவில்லை என்பது வரை நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு முதலில் ஆஸ்பத்திரிக் கட்டடங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஆலோசனை சொன்னேன். பிறகு பாதி ஆயுசு விண்வெளி அறைகளோடு போனது. மாதக்கணக்கில் பூமியை விட்டுப் போய்த் தங்குகிறவர்களுக்கு வீடு வரைகிற குழுவில் இருந்தேன். படுக்கையைக் கழிப்பறையிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது, ஒரே மேஜையில் தினமும் சாப்பிடுகிற நாலு பேர் எப்போது முறைத்துக்கொள்வார்கள், தனியாக உட்கார்ந்து அழ ஓர் இடம் வேண்டுமா வேண்டாமா, இதுதான் என் சோலி. என் பெரியப்பா மகனுக்கு வீட்டுப் புரோக்கர் தொழில். இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாஞ் சரி, அங்க யாரு வாடகைக்கு வர்றா?" என்றான்.

வேலை ஓய்ந்து ஊர் திரும்பியதும் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியை ஆரம்பித்தேன். அறிவியலைக் கேள்வி பதிலாக மனப்பாடம் செய்யவைப்பதைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். மூடிய இடத்தில் தண்ணீரும் வெப்பமும் குப்பையும் மனித மனசும் என்ன ஆகின்றன என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று ஒரு திட்டம் போட்டேன். மூன்று ஆசிரியைகள் விண்வெளி அறை மாதிரி ஒன்றில் ஒரு வாரம் தங்குவார்கள். அவர்கள் வெளியே வரக் கூடாது. காற்றைத் தவிர வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகக் கூடாது. தண்ணீர் அளவு, சாப்பாடு அளவு. உடல்நலம் விசாரிக்கவும் அவசரத்துக்கும் மட்டும் ஓர் இண்டர்காம். தினமும் காலையில் பிள்ளைகள் கீழே போடியில் வகுப்பறைத் திரையில் அவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். அவ்வளவுதான் திட்டம். கேட்க எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள்.

இடமும் கிடைத்தது. போடிமெட்டுப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, சரிவில், ஓர் எஸ்டேட்டின் பழைய ஏலக்காய் ஸ்டோர். பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடத்தைத்தான் மலையில் ஸ்டோர் என்பார்கள். பின்சுவருக்கு வெளியே அடுப்பு. அதில் விறகைப் போட்டு எரித்தால் உள்ளே தரையோரம் ஓடுகிற இரும்புக் குழாய்கள் காய்ந்து அறை முழுவதும் சூடேறும். தடித்த சுவர், ஒரே கதவு. இதைவிட நல்ல விண்வெளி அறை இந்த மலையில் கிடைக்காது என்று பூரித்துப்போனேன். எஸ்டேட் முதலாளி, "ஜன்னல் வேணும்னா ஒண்ணு போட்டுக்கங்க மேடம். அடுப்புல மட்டும் கை வச்சிராதீங்க, சீசனுக்கு வேணும்" என்றார். ஜன்னல் போட்டேன். கீழே மாந்தோப்புகளும் அதற்கப்பால் போடியின் வெயிலும் தெரிகிற மாதிரி, எங்கே உட்கார்ந்தாலும் கண் தூரத்துக்குப் போகிற மாதிரி, நானே பென்சிலும் கையுமாக நின்று இடம் குறித்துப் போட்ட ஜன்னல். அடைந்து கிடக்கிறவர்களுக்குத் தூரம் தெரிவது பாதி மருந்து. என் தொழிலில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே விஷயம் அது.

மூன்று பேரில் இருவர் கணக்கும் கெமிஸ்ட்ரியும் எடுப்பவர்கள், இன்னொருத்தி இயற்பியல் ஆசிரியை. நாற்பதை ஒட்டிய வயது, படபடவென்ற பேச்சு. பெங்களூரில் ஆசிரியர்களுக்கான ஒரு வருட ஆராய்ச்சிப் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. வீட்டில் கணவர், மாமியார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். கணவருக்கு ஏலக்காய் வியாபாரம். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் தொந்தரவே, சத்தம் போடுகிறவரோடு சண்டையாவது போடலாம். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்: "ஒரு வாரம் நீ இல்லாம வீடு ஓடுதான்னு பாப்போம். ஓடிருச்சுன்னா ஒரு வருசமும் ஓடிரும், நீ பாட்டுக்குப் போயிட்டு வா. ஓடலைன்னா பேசாம இருந்துக்க." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவளும் சரி என்றுவிட்டாள்.

"அக்கா, அந்த ரூமுக்கு என்னய எடுத்துக்கங்க" என்று என் வீட்டுக்கே வந்து கேட்டாள். "ஆனா நடுவுல எதுக்காகவும் வெளிய விட்றாதீங்க. ஒரு தடவ எறங்கிப் போனேன்னு வைங்க, 'பாத்தியா, நீ இல்லாம ஆகல'ன்டுருவாக. அதோட பெங்களூரு போச்சு."

"கதவை மூடி வைக்கிறதுதான் என் தொழிலே, போ" என்றேன். வாய்க்கொழுப்பு.

திங்கட்கிழமை காலை மூவரும் உள்ளே போனார்கள். கதவைத் தாழிட்டேன். சாயங்காலத்துக்குள் முதல் ஜீப்பு வந்து நின்றது.

அதிலிருந்து ஒரு லோடு ஜனம் இறங்கியது. சித்திகள், மதினிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள். எல்லார் கையிலும் பை. பையில் பிரட்டு, சாத்துக்குடி, பிளாஸ்க்கில் பால். முகத்தை ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைகிறவர்களைப் போல வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு ஆள் ஒரு கதவுக்கு உள்ளே படுத்துவிட்டால் போதும், போய்ப் பார்த்தாக வேண்டும், வெறுங்கையோடு போகக் கூடாது. பார்க்காமல் விட்டால் நாளைக்கு ஒரு விசேஷத்தில் முகம் பார்க்க முடியாது. உள்ளே இருக்கிறவர்கள் குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கிறார்கள் என்று நான் தொண்டை வறள விளக்கினேன். தேவாரம் ஊரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுவரைத் தட்டிப் பார்த்து, "யானை வந்தாக்கூட ஒண்ணும் பண்ணாது, நல்ல எடந்தான்" என்று சான்றிதழ் கொடுத்தார். சிலமலை ஊர்க்காரர் ஒருவர், "பொட்டிபுரத்துல நியூட்ரினோ ஆராய்ச்சின்டு மலையக் கொடையப் போறதாச் சொன்னாகளே, அந்தக் கோஷ்டியா நீங்க?" என்றார். இல்லை என்று சத்தியம் செய்யாத குறை. கடைசியில் ஒரு பெரியம்மா என் தோளைத் தொட்டு, தணிந்த குரலில் கேட்டார்: "எப்ப டிஸ்சார்ஜ்?"

அத்தோடு விட்டார்களா? என் ஜன்னல் இருக்கிறதே, அதில் போய் ஒட்டிக்கொண்டார்கள். மாந்தோப்பும் போடி வெயிலும் தெரிய வேண்டிய கண்ணாடியில் ஒன்பது மூக்குகள் அப்பிக்கொண்டு நின்றன. "எளச்சுட்டா பாரு" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். காலையில் உள்ளே போனவள் சாயங்காலத்துக்குள் இளைத்துவிட்டாளாம்! உள்ளே இருந்த கணக்கு ஆசிரியை பதிலுக்குக் கும்பிடு போட்டாள். தனிமை மனிதரை என்ன செய்யும் என்று பாதி ஆயுசு யோசித்தவள் நான். என் ஊரில் தனிமை என்ற சாமான் கிடைக்கவே கிடைக்காது என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இயற்பியல் ஆசிரியையின் கணவர் வந்தார். அத்தனை வளைவும் ஏறி, வியாபாரத்தை விட்டுவிட்டு, ஜீப்பு பிடித்து வந்திருக்கிறாரே, யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று பதறிப்போனேன்.

"மேடம், தப்பா எடுத்துக்கிறாதீங்க. குக்கர் வெயிட்டக் காணோம். அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க."

"அவசரம்னாத்தான் பேசலாம் தம்பி. அதுதான் விதி."

"அவசரந்தான மேடம். சோறு பொங்கணும்ல?"

"சட்டியில வடிக்கலாம்ல?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அவரை நான் நிலாவுக்கே போகச் சொன்ன மாதிரி இருந்தது. அவர் மலையேறி வந்து திரும்புகிற நேரத்தில் ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருக்கலாம். கேட்டுச் சொல்ல மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். அவரும் சிரித்த முகத்தோடு போனார்.

ஆனால் நானும் மனுஷிதானே. சாயங்காலம் உடல்நலம் விசாரிக்க இண்டர்காமில் பேசும்போது வாய் நிற்கவில்லை, சொல்லிவிட்டேன். அவள் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் இண்டர்காம் கரகரத்தது.

"அடுப்புக்கு மேல ஆணியில தொங்குதுக்கா. மூஞ்சிக்கு நேரா! பதினாறு வருசமா அங்கதான் தொங்குது." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "சொல்லிராதீங்க. தானா நிமிந்து பாக்கட்டும். இதக்கூடப் பாக்க மாட்டாகன்டா நான் எப்படிப் போறது?"

இது எனக்குத் தேவையா? இப்போது அந்த வெயிட்டு என் தலைக்குள் தொங்கியது. புதன்கிழமை காலையிலும் அவர் வந்தார். மகனின் யூனிஃபார்ம் பெல்ட் எங்கே, கேஸ் புத்தகம் எங்கே என்று கேட்டார். கடைசியில், "அம்மாவோட பிரசர் மாத்திரை எங்கன்னு தெரியல மேடம்" என்றார். மாத்திரை என்றதும் எனக்கு மனசு தாளவில்லை. விதியாவது மண்ணாவது என்று இண்டர்காமை எடுத்தேன்.

"அத்தையோட மாத்திரை அத்தை தலமாட்டுலதான் இருக்கு" என்றாள். "அவுகளே எடுத்துப் போட்டுக்குவாக. அவுகளக் கேட்டாரான்டு கேளுங்க."

கேட்டேன். "கேக்கல" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். வீட்டில் இருக்கிற அம்மாவிடம் கேட்கத் தோன்றவில்லை, மலையேறி வந்து தாழிட்ட கதவிடம் கேட்கிறார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஜீப்புக்காரருக்கு மட்டும் நல்ல வாரம்.

அன்றைக்கு மதியம் போடி வகுப்பறையில் திரை வேலை செய்யவில்லை என்று போன் வந்தது. இறங்கிப் போய்ச் சரிசெய்துவிட்டுத் திரும்பினேன். மேலே மேகம் இறங்கித் தூறிக்கொண்டிருந்தது, நல்ல குளிர். எனக்கு முன்னால் ஒரு ஜீப்பு ஏறிக்கொண்டிருந்தது. யாருடையது என்று சொல்ல வேண்டுமா? கடைசி வளைவில் ஏலக்காய் வாசனை கமகமவென்று வந்தது. சீசனே இல்லையே, யார் காய் போட்டிருக்கிறார்கள் என்று யோசித்தேன். அடுத்து புகை தெரிந்தது. என் விண்வெளி வீட்டின் புகைபோக்கியிலிருந்து!

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பின்பக்கம் வாட்ச்மேன் குத்தவைத்து உட்கார்ந்து அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். கேரளப் பக்கத்து எஸ்டேட்டுகளில் வெகுகாலம் இருந்தவர். என்னைப் பார்த்ததும் பெருமையாகச் சிரித்தார்.

"கொழப்பமில்ல சேச்சி. மூணு பொம்பளைக குளுருல வெறச்சுப் போவாகளேன்டு ரெண்டு கட்டைய வச்சேன்."

"யோவ், அவங்க என்ன ஏலக்காயா?"

"காய்க்குக் குடுக்குற சூட்டுல பாதிதான் சேச்சி குடுத்துருக்கேன்."

மனிதர் அன்பாகச் செய்திருக்கிறார். அதற்கு என்ன செய்ய முடியும்? விறகை வெளியே இழுத்துப்போட்டேன். கிடைத்த வாளித் தண்ணீரையெல்லாம் ஊற்றினேன். அவர் முகம் சுருங்கிப்போனது, அதைப் பார்க்க எனக்கு நேரமில்லை. முன்பக்கம் வந்தால் கணவர் கதவுத் தாழ்ப்பாளில் கையை வைத்திருந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை.

"நகருங்க மேடம். அவள எறக்கிட்டுப் போறேன். போதும் இந்த வெளையாட்டு."

நிஜமாகவே பயந்திருந்தார். எனக்கும்தான் பயம். உள்ளே சூடு அதிகமாக இருந்தால் நானே திறந்துவிட வேண்டும். திறந்தால் அவள் ஜீப்பில் ஏறுவாள், பெங்களூரு அத்தோடு முடிந்தது. இண்டர்காமை எடுத்து, "கதவத் தொறக்கப் போறேன்" என்று கத்தினேன்.

"தொறக்காதீங்கக்கா! ஜன்னலப் பாருங்க, ஜன்னலப் பாருங்க!"

ஜன்னலுக்கு ஓடினேன். அவள் தெர்மாமீட்டரைக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினாள். குழாய்களின் மேல் ஈரத் துணிகளைப் போர்த்தியிருந்தார்கள். மற்ற இருவரும் எதிர்ச்சுவர் ஓரமாகத் தரையில் முகத்தில் ஈரத்துண்டோடு படுத்திருந்தார்கள். கெமிஸ்ட்ரி ஆசிரியை படுத்தபடியே எனக்குக் கையை ஆட்டினாள். "போடிச் சித்திரை வெயிலவிடக் கம்மிதான்க்கா. அடுப்பு அணஞ்சதும் எறங்க ஆரம்பிச்சிருச்சு. நான் அளந்து எழுதிக்கிட்டிருக்கேன், நாளைக்குப் பிள்ளைகளுக்கு இதான் பாடம்." தெர்மாமீட்டரை இரண்டு தடவை படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

திரும்பி வந்து கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். "தம்பி, கையை எடுங்க" என்றேன். எடுக்கவில்லை. இண்டர்காமை அவர் காதில் வைத்தேன். விதியை மறுபடியும் நானே மீறினேன், என்ன செய்ய? அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கும் கேட்டது.

"நான் நல்லாருக்கேன். பயப்படாதீங்க. வெரசா கீழ போயி அத்தைக்கு எதாச்சும் சாப்புடக் குடுங்க."

கையை எடுத்துவிட்டார். ஜீப்பில் ஏறிப் போனார். அதற்கப்புறம் அந்த வாரம் அவர் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள், சாத்துக்குடியோடு. அவற்றை உரித்துத் தின்றே என் வயிறு புண்ணானது.

ஞாயிற்றுக்கிழமை கதவு திறக்கும் நாள். திருவிழாக் கூட்டம். கணவர் கசங்கிய சட்டையோடு வந்திருந்தார், ஜீப்பின் முன்சீட்டில் அவருடைய அம்மா. அந்தச் சுவர்களில் ஊறிக் கிடந்த ஏலக்காய் வாசனை தலையெல்லாம் மணக்க மூவரும் வெளியே வந்தார்கள். கைதட்டல், போட்டோ, எல்லாம் ஆனது. பிறகு அவர் மனைவியின் முன்னால் வந்து நின்று, எல்லார் காதுபடவும், கோபமே இல்லாமல் சொன்னார்.

"ஓடலம்மா. உள்ளதச் சொல்றேன். வெயிட்டு கெடைக்காம புதுசு வாங்குனோம். அப்பயும் சரியா வரல, மூணு நாள் ஓட்டல் பார்சல். பயலுக்கு ரெண்டு நாள் ஸ்கூலு லேட்டு. அம்மா கோவிச்சுக்கிட்டு ஒரு நேரம் சாப்பிடல. ஒரு வாரத்துக்கே இந்தக் கதின்டா ஒரு வருசம் எப்படி? நீயே சொல்லு. பேசுனது பேசுனதுதான?"

சுற்றி நின்ற சொந்தமெல்லாம் தலையாட்டியது. எனக்கு அப்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. ஒரு வாரமாக நான் காவல் காத்தது தப்பான அறையை. சோதனை நடந்தது கீழே, போடியில், அவள் வீட்டுச் சமையலறையில். அந்த வீடு தோற்றால் ஜெயிப்பவர் அவர். அப்படியிருக்க யார் நிமிர்ந்து ஆணியைப் பார்ப்பார்கள்? வேண்டுமென்று செய்தாரா என்றால் அதுவும் இல்லை, பாவம். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று முன்னால் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பேசுனது பேசுனதுதான்" என்றாள் அவரிடம். "நான் உள்ள இருந்தேன், ஒரு வாரமும் இருந்தேன். அடுப்பப் பத்த வச்சப்பயும் இருந்தேன். நான் பாஸு. ஓடலைன்டா அது வீட்டோட பரீட்சை. என் கிளாஸ்ல ஃபெயிலானவுகதான் திரும்ப எழுதணும், பாஸானவுகள அதே கிளாஸ்ல உக்கார வைக்க மாட்டாக. நான் பெங்களூரு போறேன். ஒங்களுக்கு ஒரு வருசம் டைம் இருக்கு. நிதானமா எழுதுங்க."

அவர் ஜீப்பிலிருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். முன்சீட்டிலிருந்து மாமியார்தான் பேசினார்: "வண்டிய எடுக்கச் சொல்லுடா. பசிக்குது. வீட்டுக்குப் போயி நீ ஒல வை, ஒங்கையால தின்டு பாப்போம்."

அவள் பெங்களூரு போய்ச் சில மாதமாகிறது. என் தெர்மாமீட்டர் அவள் வீட்டில் தங்கிப்போனது, அதை வாங்கிவரப் போன வாரம் போயிருந்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றார். புதுக் குக்கர் வெயிட்டு விசிலடித்துக்கொண்டிருந்தது. மகனின் பெல்ட் கதவுக்குப் பின்னால் ஒழுங்காகத் தொங்கியது. எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். சீனி கூடுதல், குடிக்கலாம்.

"பழகிருச்சு மேடம். நேத்து சாம்பார்கூட நல்லாருந்துச்சுன்டு அம்மா சொல்லிருச்சு" என்றார். பிறகு குக்கரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஆனா அந்தப் பழைய வெயிட்டுதான் இன்னும் கெடைக்கல. எங்கதான் போச்சோ!"

அவர் தலைக்கு நேர் மேலே, ஆணியில், அது தொங்கிக்கொண்டிருந்தது. அறைக்குள் எதை எங்கே வைத்தால் மனிதரின் கண்ணில் படும் என்று ஆயுசெல்லாம் வரைந்தவள் நான். வாய்வரை வந்துவிட்டது. காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.